வாசகர் பெயர் எங்கெங்கே இருக்கிறது? கிளை நூலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் நான் பணியாற்றிய கிளை நூலகம் ஒன்றின் வாசலில் நீளமான பதிவேடு ஒன்று திறந்தே கிடக்கும். அதன் முதுகில் சணல் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பேனா. பெயர், முகவரி, கைபேசி எண், வந்த நேரம், கையொப்பம் என்று ஐந்து கட்டங்கள். கைபேசி எண்ணுக்கான கட்டத்தைக் கொரோனா காலத்தில் நானே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தேன். யாருக்காவது தொற்று வந்தால் அன்றைக்கு வந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! தொற்று போனது, கட்டம் போகவில்லை.

குரூப் 4 தேர்வுக்காக நாள்தோறும் வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று வருவதை நிறுத்தினாள். பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்து, காப்புத்தொகையைத் திருப்பிக் கேட்டார். யாரோ ஒருவன் இரவு பதினொரு மணிக்குமேல் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு எண் கிடைத்த இடம் எங்கள் பதிவேடு. "சார், படிக்க வந்த பிள்ளைக்கு போன் நம்பர் எதற்கு?" என்று அவர் கேட்டார். காப்புத்தொகையை எண்ணிக் கொடுத்தேன். கேள்விக்குப் பதில் கொடுக்க முடியவில்லை.

அதன்பிறகு நான் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும், பிற நூலகர்களிடம் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கிளை நூலகர்கள், வாசகர் வட்டத்தினர், ஆட்டோ நிலையத்திலோ சங்கக் கட்டடத்திலோ சொந்த முயற்சியில் சிறு நூலகம் நடத்துபவர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். அரசு நூலகங்களில் படிவத்தையோ பதிவேட்டையோ மாற்றுவதானால் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கிடைக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

முதல் படி: எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள்

ஒரு மாலை நூலகம் மூடியபின் உட்காருங்கள். வாசகர் பெயர் எழுதப்பட்ட எந்தத் தாளும் மேசைக்கு வர வேண்டும். உறுப்பினர் விண்ணப்பங்கள், காப்புத்தொகை ரசீதுகள், இரவல் பதிவு, வருகைப் பதிவேடு, கணினி பயன்படுத்தியவர்களின் நோட்டு, "இந்தப் புத்தகம் வாங்குங்கள்" என்று வாசகர்கள் எழுதும் பரிந்துரை நோட்டு. பிறகு தாளில் இல்லாதவை: கணினியில் இருக்கும் பட்டியல், கண்காணிப்பு கேமரா, வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழு.

அறிவிப்புப் பலகையையும் ஒருமுறை பாருங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆனவர்களின் பெயர் நம் நூலகங்களில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அது அவர்களுக்குப் பெருமை, இருக்கட்டும். அதே பலகையின் கீழ் மூலையில் "புத்தகம் திருப்பித் தராதவர்கள்" என்று குண்டூசி குத்திய பட்டியல் ஏதும் தொங்கினால் இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த படிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொன்றின் மீதும் மூன்று கேள்விகள்: இதை ஏன் எழுதினோம், யார் யார் பார்க்கிறார்கள், எப்போது இதன் வேலை முடிகிறது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் விடை இருக்காது. எங்களிடம் இருந்த பரிந்துரை நோட்டு பன்னிரண்டு ஆண்டுப் பழையது. காசநோய் பற்றி, விவாகரத்துச் சட்டம் பற்றி, குடியை விடுவது பற்றிப் புத்தகம் கேட்டவர்களின் பெயரும் தெருவும் கையெழுத்தும் அதில் இருந்தன. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். புரட்டவும் செய்தார்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பத்தை இளைக்க வையுங்கள்

புத்தகம் எடுத்துச் செல்பவரிடம் நூலகத்துக்குத் தேவைப்படுவது பெயர், முகவரி, தொடர்புகொள்ள ஒரு வழி. சிறுவர் என்றால் பெற்றோரின் கையொப்பம். அவ்வளவுதான். சாதி, மதம், தந்தை தொழில், மாத வருமானம் எல்லாம் பழைய படிவங்களை நகலெடுத்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டு வந்தவை. புத்தகத்தைத் திருப்பி வாங்க இவற்றில் எதுவும் உதவாது.

ஆதார் விஷயத்தில்தான் பிடிவாதம் வேண்டும். முகவரிச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள், திருப்பிக் கொடுங்கள். படிவத்தில் "முகவரிச் சான்று பார்க்கப்பட்டது" என்று எழுதித் தேதியிட்டுச் சுருக்கொப்பம் போடுங்கள். ஜெராக்ஸ் வாங்கிக் கோப்பில் சேர்த்தால், அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். நகல் வேண்டும் என்று மேலிருந்து சொன்னால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாசகர் ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

முகவரிச் சான்றே இல்லாதவர்களும் நம் பக்கம் நிறையப் பேர். வியாசர்பாடியில் ரசீது இல்லாத வாடகையில் இருப்பவர்கள், ஜார்ஜ் டவுன் நடைபாதையில் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள். அவர்களுக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை போதும் என்பது என் கருத்து. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வருகிறது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அந்தக் காசு அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி: புத்தகம் திரும்பியதும் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்

இன்னார் இன்ன புத்தகத்தை எடுத்தார் என்ற முடிச்சை அவிழ்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சற்று நின்று பார்க்கலாம்.

நான் பயிற்சி பெற்ற நூலகத்தில் பிரவுன் முறை இருந்தது. நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் 1895 வாக்கில் வகுத்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கும். புத்தகத்தின் பெயரும் எண்ணும் அதில். ஒவ்வொரு உறுப்பினரிடமும் பை போல மடித்த சீட்டு இருக்கும். அவர் பெயரும் எண்ணும் அதில். புத்தகம் எடுக்கும்போது புத்தக அட்டையை உருவி உறுப்பினரின் பைச்சீட்டுக்குள் செருகி, மரத்தட்டில் தேதிவாரியாக நிறுத்தி வைப்போம். கருங்காலி நிறத்தில் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும் அந்தத் தட்டை இன்றும் கண்ணுக்குள் பார்க்கிறேன். புத்தகம் திரும்பி வந்ததும் சீட்டைத் தேடி எடுத்து, அட்டையை உருவிப் புத்தகத்துக்குள் போட்டு, வெறும் பைச்சீட்டை உறுப்பினரிடம் நீட்டுவோம். டக்கென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், அந்த மனிதர் அந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதற்கு உலகத்தில் எந்தச் சான்றும் இல்லை. நாங்களே நினைத்தாலும் சொல்ல முடியாது.

இதைத் தனியுரிமைக்காக வகுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, வேகத்துக்காக வகுத்தது. ஆனால் வேண்டியது தானாகவே நடந்தது. இதற்கு மாறானது நெவார்க் முறை. அதில் புத்தக அட்டையிலேயே உறுப்பினர் எண்ணை வரிவரியாக எழுதிக்கொண்டே போவார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை எடுத்த அத்தனை பேரின் வரிசையும் கிடைக்கும். உறுப்பினருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதும் நம்முடைய பெரிய இரவல் பேரேடு இன்னும் மோசம். ஒருவரின் வாசிப்பு வாழ்க்கையே ஒரே பக்கத்தில் கிடக்கும். பேரேடு வைத்திருப்பவர்கள் புத்தகம் திரும்பியதும் அந்த வரியின் தலைப்பை அழுத்தமாக மை பூசி மறையுங்கள். எண்ணும் தேதியும் இருந்தால் தணிக்கைக்குப் போதும்.

கணினி வந்தபோது இந்த மரத்தட்டின் நல்லறிவை நாம் தொலைத்துவிட்டோம். கணினிக்கு மறக்கத் தெரியாது. நாம்தான் மறக்கச் சொல்லித்தர வேண்டும். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகக் குழுமத்துக்காக உருவாகி, 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கோஹா என்ற இலவச மென்பொருளை உங்கள் நூலகம் பயன்படுத்தினால், செய்ய வேண்டியவை இவை.

முதலில் "பெயரிலி" என்று ஒரு போலி உறுப்பினரை உருவாக்கி, அவருடைய எண்ணை அமைப்புகளில் பெயரிலி உறுப்பினருக்கான இடத்தில் கொடுங்கள். திரும்பிவிட்ட புத்தகங்களின் வரலாறு இனி இவர் கணக்கில் போய் விழும். எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற புள்ளிவிவரம் கெடாது, யார் என்பது மட்டும் அழியும். அடுத்து, உறுப்பினர் வகை ஒவ்வொன்றுக்கும் தனியுரிமை நிலை மூன்று உண்டு: எப்போதும் வைத்திரு, வழக்கம்போல், ஒருபோதும் வைக்காதே. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் புத்தகம் திரும்பிய கணத்திலேயே முடிச்சு அவிழும். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் நூலகம் அவ்வப்போது அழிப்புப் பணியை ஓடவிட வேண்டும். தானாக நடந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கடைசியாக எடுத்தவர் யார் என்பதைத் தனியே சேமிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முடிச்சு அவிழ்ந்தபின் "பக்கம் கிழிந்திருக்கிறதே, யார் எடுத்தது?" என்று கேட்க முடியாது. ஆகவே திரும்பி வரும் புத்தகத்தை வாசகர் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கணினியில் பதியுங்கள். அரை நிமிடம் கூடுதலாகும். பழைய காப்பு நகல்களையும் மறக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய பென்டிரைவ் ஒன்று இழுப்பறையில் கிடந்தால், நீங்கள் அழித்ததெல்லாம் அதில் உயிரோடு இருக்கும்.

நான்காம் படி: வாசல் பதிவேடு

நாள்தோறும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மேலே போக வேண்டும், உண்மை. அதற்கு எண்ணிக்கை போதும். வாசலில் ஒரு தாள். ஆண், பெண், சிறுவர் என்று மூன்று கட்டங்கள். வருபவர் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகட்டும். கையொப்பம் கட்டாயம் என்று உத்தரவு இருந்தால் ஒரு கைவேலை சொல்கிறேன். பதிவேட்டின் பக்க அளவுக்குக் கெட்டி அட்டை ஒன்றை வெட்டி, நடுவில் ஒரே ஒரு வரி தெரியும்படி நீளமாகத் துளையிட்டு, மேலே வைத்துவிடுங்கள். எழுதியவர் அட்டையை ஒரு வரி கீழே தள்ளிவிட்டுப் போவார். முன்னால் எழுதியவர் பெயர் அடுத்தவருக்குத் தெரியாது. பழைய காலண்டர் அட்டையில் நான் செய்தது நான்கு மாதம் தாங்கியது. கைபேசி எண் கட்டம் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: நினைவூட்டுக் கடிதம்

கெடு தாண்டிய புத்தகத்துக்கு அஞ்சலட்டை போடுவோம். அஞ்சலட்டையை யார் படிக்க மாட்டார்கள்? பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டுக் குடித்தனம் இருக்கும் வீட்டில், அது உரியவர் கைக்குப் போவதற்குள் குழாயடியில் நிற்கும் அத்தனை பேரும் படித்திருப்பார்கள். ஆகவே புத்தகத்தின் தலைப்பை எழுதாதீர்கள். "தாங்கள் எடுத்த நூல் ஒன்றின் கெடு இத்தனாம் தேதி முடிந்தது" என்றால் எடுத்தவருக்குப் புரியும். குறுஞ்செய்திக்கும் இதே விதி. கைபேசி வீட்டில் யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

ஆறாம் படி: கேட்டு வருபவர்கள்

கணவர் வருவார். கையில் மனைவியின் அட்டை. "வீட்டில் என்ன புத்தகம் எடுத்தார்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். முகத்தில் கோபம் எதுவும் இருக்காது; சிரித்துக்கொண்டே கேட்பார். இதே கேள்வி என்னிடம் வந்தபோது அந்த அம்மாள் எடுத்திருந்தது ஜீவனாம்சம் பற்றிய சட்ட விளக்க நூல். "அட்டைக்காரர் வந்தால்தான் கணக்குச் சொல்வது வழக்கம் சார், எல்லோருக்கும் அப்படித்தான்" என்றேன். "எல்லோருக்கும்" என்பதுதான் முக்கியம். அவருக்கு மட்டும் மறுத்தால் சந்தேகம் வரும். சாதாரண நாவல் எடுத்த பெண்ணின் அண்ணனுக்கும் இதே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தால், கடினமான நாளில் குரல் நடுங்காது.

பிள்ளைகளின் பெற்றோர் விஷயத்தில் நூலகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எத்தனை புத்தகம் கையில் இருக்கிறது, கெடு என்றைக்கு என்பதை நான் சொல்வேன். தலைப்பைப் பிள்ளையிடமே கேட்கச் சொல்வேன். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகப்படி என்று என் சக ஊழியர் ஒருவர் சண்டையே போட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

தேர்தல் நெருங்கினால் உறுப்பினர் பட்டியலும் கைபேசி எண்களும் கேட்டு யாராவது வருவார்கள். டியூஷன் நிலையம் நடத்துபவரும் கேட்பார். இருவருக்கும் பதில் ஒன்று: கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி மனு வந்தால் எண்ணிக்கைகளைத் தாராளமாகக் கொடுங்கள். தனிநபர் தகவலுக்கு எட்டாம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்று எழுதினால் போதும்.

காவல் துறையினர் வந்தால்? வாய்மொழியாகக் கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எழுத்தில் கொடுக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு ஆவணங்களைக் கேட்டுப்பெற வழி செய்கிறது. நீதிமன்றம் என்றால் அழைப்பாணை, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி என்றால் எழுத்து ஆணை. அது வந்தால் மறுக்கக் கூடாது. மாவட்ட நூலக அலுவலருக்கு உடனே தெரிவியுங்கள், ஆணையில் கேட்டதை மட்டும் கொடுங்கள், ஆணையின் நகலையும் கொடுத்ததற்கான ஒப்புகையையும் கோப்பில் வையுங்கள். ஆணை வந்தபின் எதையும் அழிக்கக் கூடாது, அது குற்றம். வழக்கமான காலக்கெடுப்படி முன்பே அழித்திருந்தால் இல்லாததை யாரும் கேட்க முடியாது.

நூலக வாசகரின் பதிவைக் காக்கவென்றே அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உண்டு. நம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்ற பெருமை உடையது. அது நூலகங்களை அமைப்பதையும் வரியையும் பேசுகிறது. வாசகரின் அந்தரங்கத்துக்கு நாம் நம்பி நிற்பது வேறு இரண்டு: தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இது கணினியில் இருக்கும் தரவுக்குத்தான். தாள் பதிவேட்டைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றிய அன்று அதுவும் உள்ளே வந்துவிடும். 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள்.

ஏழாம் படி: கணினி, கேமரா, வாட்ஸப்

சுருக்கமாகவே சொல்கிறேன். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுப் பெயர், தனிக் கடவுச்சொல். திரையின் ஓரத்தில் அதைச் சீட்டில் எழுதி ஒட்டக் கூடாது. தன்னார்வலர்களுக்கு உறுப்பினர் விவரம் பார்க்கும் அனுமதி வேண்டாம். வாசகர் கணினிகளில் உலாவியை மூடியதும் வரலாறு அழியும்படி அமைத்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் இறக்கிய நுழைவுச் சீட்டுகள் பதிவிறக்கக் கோப்புறையில் குவிந்திருக்கும். மாலைதோறும் காலி செய்யுங்கள். கேமரா வாசலையும் அலமாரிகளுக்கு இடைப்பட்ட வழியையும் பார்க்கட்டும், படிக்கும் மேசையை அல்ல. வாட்ஸப் குழுவில் சேர்த்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. வாசகர் வட்ட அறிவிப்புகளுக்கு ஒலிபரப்புப் பட்டியலே (broadcast list) போதும்.

எட்டாம் படி: அழிப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தரைத்தளங்கள் தப்பவில்லை. தண்ணீர் வடிந்தபின் நூலகம் ஒன்றில் நனைந்த விண்ணப்பங்களைக் காயவைக்கப் படிக்கட்டிலும் மதில் சுவரிலும் பரப்பி, மேலே கல் வைத்திருந்தோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மூன்று நாள் தெருவே நின்று வாசித்தது. புகைப்படம், முகவரி, ஆதார் நகல், எல்லாம். அவற்றில் பாதிக்கு மேல் உறுப்பினர் பதவி முடிந்து ஆண்டுகள் ஆனவர்களுடையவை. அவை அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை.

காப்புத்தொகை தொடர்பான தாள்கள் தணிக்கை முடியும்வரை இருந்தாக வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு கெடு எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் வாங்குங்கள். எங்களுடையது இப்படி: வருகைத் தாள் மாத அறிக்கை போனதும், பரிந்துரைச் சீட்டு புத்தகம் வந்ததும் அல்லது வராது என்று தெரிந்ததும், கணினி நோட்டு சட்டமோ உத்தரவோ குறிப்பிடும் காலம் முடிந்ததும், விண்ணப்பம் உறுப்பினர் விலகிப் பணம் திருப்பித் தரப்பட்டுத் தணிக்கையும் முடிந்தபின்.

பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டு விற்காதீர்கள். விற்ற தாள் காசிமேட்டில் வறுத்த மீன் மடிக்கவும் சுண்டல் பொட்டலத்துக்கும் போகும். தாள் அரைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, பக்கெட்டில் ஒரு இரவு ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்துவிடுங்கள். தாள் கூழாகும். கை நாறும், சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளலாம். எதை, எத்தனை, எந்தத் தேதியில் அழித்தோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரியில் யாருடைய பெயரும் வேண்டாம்.

வாசகராக இருந்தால்

விண்ணப்பத்தில் தேவையில்லாத கட்டம் இருந்தால் கோடு போட்டுவிட்டு நீட்டுங்கள். பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் கைபேசி எண் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உறுப்பினர் பதவியை முடித்துக்கொள்ளும்போது காப்புத்தொகையோடு சேர்த்து, கோப்பில் இருக்கும் ஆதார் நகலையும் கேட்டு வாங்குங்கள். பதில் கிடைக்காவிட்டால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எங்களிடம் அந்த அம்மா கேட்ட ஒரு வரிக் கேள்விக்குத்தான் கைபேசி எண் கட்டம் போனது. பதிவேட்டில் இப்போது அந்த இடத்தில் பேனாக் கோடு மட்டும், மேலிருந்து கீழ்வரை.